பள்ளிகொண்டா ஏத்தமும் மூன்று பிளக்கும்

எங்கள் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். "உங்க சர்வீஸ்ல நீங்க சாதிச்சதை எழுதுங்கண்ணே" என்றார் செயலாளர். யோசித்துப் பார்த்தேன். கறாராகப் பார்த்தால் நான் சாதித்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு ஜாக்கி கூட என் மேல் விழவில்லை. அதை வைத்துப் பக்கத்தை நிரப்ப முடியாது. பயந்ததை எழுதச் சொல்லியிருந்தால் மலர் முழுவதையும் நானே எழுதிக் கொடுத்திருப்பேன், விளம்பரம் உட்பட.

நான் ரிட்டையர் ஆனவன் என்றால் ஆட்கள் நம்புவதில்லை. தலை இன்னும் முழுதாக நரைக்கவில்லை. நானாகத்தான் வெளியே வந்தேன். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் முதல் லிஃப்டை மின்சாரக் கார்களுக்கென்று ஒதுக்கிப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தேன். எனக்குப் பயப்படத் தெரிந்த பொருள் ஒன்று கூட உள்ளே இல்லை. பிளக் இல்லை, காயில் இல்லை, டர்போ இல்லை. இத்தனை வருஷம் சேர்த்து வைத்த பயமெல்லாம் வீண் என்று தெரிந்ததும், முட்டி வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி மற்றவர்கள் நாலு பக்கம் எழுதுவார்கள். என்னுடையது ஒரு வரி. வேலூரில் ஐ.டி.ஐ. முடித்தேன், ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன், கழுவினேன், துடைத்தேன், திட்டு வாங்கினேன், ஒரு நாள் யாரோ மறதியில் கையில் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டார்கள்.

திட்டு வாங்கினேன் என்றேனே, அது பாக்கியநாதன் சாரிடம் இல்லை. எங்கள் ஒர்க்ஸ் மேனேஜரான அவர் யாரையும் திட்டியதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு நடத்துகிறவர். குரல் கெட்டுப்போகும் என்று வாரம் முழுவதும் மெதுவாகவே பேசுவார். அவர் மனநிலையை அவர் நம்மை அழைக்கும் விதத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும். சந்தோஷமாக இருந்தால் "டேய்." வேலை சுமார் என்றால் "தம்பி." கோபம் வந்தால் "ஐயா." கோபம் முற்றினால் "ஐயா, கொஞ்சம் உக்காருங்க" என்று தன் நாற்காலியையே நம் பக்கம் தள்ளுவார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பலர் இப்போது திருப்பத்தூரிலும் சோளிங்கரிலும் வேறு வேலை பார்க்கிறார்கள்.

வண்டி வந்தால் "இன்னா கோளாறு" என்று கேட்க அவர் விடமாட்டார். "எப்ப" என்றுதான் கேட்க வேண்டும். வண்டி குலுங்குது என்பார் கஸ்டமர். எப்ப? ஏத்தத்துல. ஏத்தத்துல எப்ப? காலை அழுத்தும்போது. இப்படி நாலு "எப்ப" கேட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி என்பது அவர் கொள்கை. மீதிப் பாதிக்கு எங்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்.

பிளக் கழற்றுவது அவரிடம் ஒரு சடங்கு. எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து, சுடாமல் வைத்திருக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினின் அலுமினியத் தலை சூடாக இருக்கும்போது முறுக்கினால் மரை உரிந்து கையோடு வரும். ஆறிய பிறகு குழிகளில் காற்றடித்துத் தூசியை வெளியேற்ற வேண்டும். பிளக்கின் மேல் உட்கார்ந்து மின்சாரம் கொடுக்கிற காயிலை நேராகத் தூக்க வேண்டும். கழற்றிய பிளக்குகளை முட்டை அட்டையில் சிலிண்டர் வரிசைப்படி நிறுத்த வேண்டும். புதுசைப் பொருத்தும்போது ரப்பர் குழாயில் செருகி விரலால் மரை ஏற்றி, கடைசியில் டார்க் ரெஞ்சால் அளவாக முறுக்க வேண்டும். கிரீஸ் தடவக் கூடாது. கீழே விழுந்த பிளக் குப்பைக்குத்தான் போக வேண்டும். ஒருமுறை விழுந்ததைத் துடைத்து வைத்தேன். "பார்த்து ஐயா" என்றார். நாற்காலி லேசாக நகர்ந்த மாதிரி இருந்தது.

இந்தச் சடங்கில் ஒன்று மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. பிளக் மேசைக்கு மேலே ஓர் ஆணி. அதில் ஒரு கம்பி வளையம். வளையத்தில் சின்னச் சின்னத் தோல் துண்டுகள். ஒவ்வொன்றிலும் பேனாவால் அதன் கனத்தை எழுதியிருக்கும். பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் இடையில் பொறி தாவுகிற இடுக்கை, அதாவது கேப்பை, இந்தத் துண்டுகளை நுழைத்துத்தான் அளப்போம். எங்கள் பக்கத்தில் மில்லிமீட்டர் என்றாலே தோல்தான். வீட்டுக்கு ஒருவர் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ இருப்பார். மேல் தோல் இத்தனை கனம், லைனிங் இத்தனை கனம் என்று சோறு கேட்கிற மாதிரி பேசுவார்கள். இரும்பு கேஜ் மழைக்குத் துருப்பிடிக்கும், காணாமல் போகும். தோலைக் கேட்டால் யார் வேண்டுமானாலும் ஒரு துண்டு வெட்டித் தருவார்கள். வளையத்தை மாட்டியவர் சார்தான். பழைய எஞ்சின்கள் அதை வைத்து நன்றாகவே ஓடின. பழைய எஞ்சின்கள் எதை வைத்தாலும் ஓடின என்பது வேறு விஷயம்.

பிறகு டர்போ பெட்ரோல் வண்டிகள் வந்தன. என்னைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே வகுப்பெடுத்தவர், புது பிளக்குகளின் நடு முனை ஊசி மாதிரி மெல்லியது, இரும்பு கேஜை வைத்து நெம்பினால் உடைந்துவிடும் என்று சொன்னதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. சென்னை இப்போதுதான் யோசிக்கிறது, ஆம்பூர் எப்போதோ ஆணியில் மாட்டிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவும் செய்தேன். முடிவில் ஒரு சான்றிதழும், வட்டமான டப்பாவில், அளவுக்கு ஒரு கம்பியாக, ஒரு கம்பி கேஜும் கொடுத்தார்கள். டப்பாவில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் என் போட்டோவைப் பெரிதாக்கி, கீழே 'டர்போ ஸ்பெஷலிஸ்ட்' என்று எழுதி, ரிசப்ஷன் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். டப்பாவையும் ரிப்பனோடு பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டேன். அத்தனை அழகான பொருளில் யார் கிரீஸ் கையை வைப்பார்கள்?

இந்த நிலையில்தான் அமானுல்லா பாயின் வண்டி வந்தது.

பாய் ஆம்பூரில் சின்னதாக லெதர் ஃபினிஷிங் ஷாப் நடத்துகிறார். வளையத்தில் இருந்த பாதித் துண்டுகள் அவர் கடையிலிருந்து வந்தவைதான். பாயின் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் எடுத்தாக வேண்டும். அந்தப் போக்குவரத்துக்காகவே வாங்கிய வண்டி, மூன்று சிலிண்டர் டர்போ. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மருமகன், மாமனாருக்கு மரியாதை செய்ய ஆசைப்பட்டு, வண்டியின் கம்ப்யூட்டருக்குள் பெட்ரோல், காற்றுக் கணக்கு எழுதியிருக்கும் மேப்பை மாற்றி டர்போ ஊதுவதை ஜாஸ்தி பண்ணியிருந்தார். அன்றிலிருந்து ஏத்தத்தில் வண்டி இழுக்காமல் திணறியது. லாரியை முந்தப் போகிற நேரத்தில் திணறினால் என்ன ஆகும் என்று இந்த நெடுஞ்சாலையில் ஓட்டுகிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

பாயின் மனைவியை நாங்கள் பாபி என்போம். அவரும் கூடவே வந்திருந்தார். கையில் ஊசிக் கட்டு, வாயில் சிரிப்பு. "சீலன் தம்பி, வண்டிக்கும் எனக்கும் ஒரே பேஜாரு. ஏத்தம் வந்தா மூச்சு வாங்குது" என்றார். அப்படியே அலமாரியைப் பார்த்து, "இந்த போட்டோல இருக்கறது உன் அண்ணனா? நல்லா தைரியமா இருக்காரே" என்றார்.

வேலூரில் ஒரு கடையில் எஞ்சினைப் பிரிக்க வேண்டும், பத்து நாளாவது ஆகும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். பாபியை அத்தனை நாள் எதில் கூட்டிப்போவது என்று பாய் கலங்கியிருந்தார். நான் போட்டோவுக்குக் கீழே நின்று கொண்டிருந்தேன். அந்த இடத்தில் நின்றால் வாய் தானாகப் பேசும். "பிரிக்க வேணாம் பாய். பிளக்தான். நாளைக்கு பாபி இதுலயே போவாங்க" என்றேன். பாக்கியநாதன் சார் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தார்.

டர்போவுக்குப் பிளக் தேர்ந்தெடுப்பது மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி. எல்லாரும் பார்ப்பது உயரத்தையும் நிறத்தையும். குடும்பம் நடப்பது குணத்தில். நீளமும் மரையும் யார் வேண்டுமானாலும் பொருத்திப் பார்க்கலாம். குணம் என்பது சூட்டை எவ்வளவு சீக்கிரம் கை கழுவுகிறது என்பதில் இருக்கிறது. டர்போ காற்றைத் திணிக்கிறது, உள்ளே வெப்பம் ஏறுகிறது. மேப்பும் மாற்றியிருந்தால் இன்னும் ஏறும். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற பிளக்கைப் போட்டால் முனை கங்காகிவிடும். பொறி வருவதற்கு முன்னாலேயே கங்கு பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும், பிஸ்டனில் ஓட்டை விழும். ஆகவே வழக்கத்தைவிட ஒரு படி குளிர்ந்த பிளக் வேண்டும். கேப்பும் குறைய வேண்டும். அமுக்கப்பட்ட காற்றின் நடுவே பொறி தாவுவது சிரமம். சந்து அகலமாக இருந்தால் பாதியில் அணைந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஓடுகிற சாதா வண்டிக்காரன் பாக்கியவான். இதற்குப் புள்ளி ஏழு.

வழக்கமான கம்பெனி பிளக் கடையில் இல்லை. வேறு கம்பெனியுடையது இருந்தது. இங்கேதான் உலகத்துப் பிளக் கம்பெனிகள் எனக்கென்றே ஒரு சதி செய்து வைத்திருந்தன. ஒரு கம்பெனியில் நம்பர் கூடினால் பிளக் குளிர்ச்சி. இன்னொன்றில் நம்பர் கூடினால் சூடு. சார்ட்டை வைத்து ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்த்து, குறைந்த நம்பர் பிளக்குகளைத் தேர்ந்தெடுத்தேன். ஆணியிலிருந்து வளையத்தை எடுத்து, புள்ளி ஏழு என்று எழுதிய துண்டால் கேப் வைத்தேன். ஊசி முனை உடைந்துவிடக் கூடாதே என்று, குழந்தை காதில் பஞ்சு விடுகிற பதத்தில் தோலை நுழைத்தேன். ஊருக்குள் சமதரையில் ஓட்டினேன். வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. பாய் கைகொடுத்தார். நான் போட்டோவைப் பார்த்துத் தலையசைத்தேன்.

மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பாயிடமிருந்து போன். பள்ளிகொண்டா மேம்பால ஏத்தத்தில் லாரியை முந்தப் போன இடத்தில் வண்டி பழையபடி வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. எப்படியோ பின்வாங்கிப் பாலத்தைத் தாண்டி ஓரம் கட்டியிருக்கிறார்.

என் மூளையில் அப்போது மிச்சம் இருந்தது ஒரே செய்தி: குறைந்த நம்பர் போட்டேன். சார்ட்டும் மூன்று சரிபார்ப்பும் டீயோடு ஆவியாகிவிட்டன. குறைந்த நம்பர் என்றால் சூடு. சூடு என்றால் கங்கு. கங்கு என்றால் பிஸ்டனில் ஓட்டை.

"பாய், ஸ்டார்ட் பண்ணாதீங்க. எல்லாரும் இறங்கிடுங்க."

"எல்லாரும்னா நானும் அவளும்தான்பா."

"ரெண்டு பேரும் இறங்கித் தள்ளி நில்லுங்க."

"எவ்ளோ தள்ளி?"

நான் மனதுக்குள் மீட்டர் கணக்குப் போடுவதற்குள் பின்னணியில் பாபியின் குரல் கேட்டது. "இன்னாவாம்? வெடிக்குமாமா?"

திரும்பினால் பாக்கியநாதன் சார் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "கேப் எதுல பாத்தீங்க ஐயா?" என்றார். வளையத்துல சார் என்றேன். "நீங்க முன்னால கிளம்புங்க ஐயா. நான் ஜீப்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரே நிமிஷத்தில் இரண்டு ஐயா. நாற்காலியை ஜீப்பிலேயே ஏற்றிக் கொண்டு வந்துவிடுவாரோ என்று கூட நினைத்தேன்.

முட்டை அட்டையையும் தோல் வளையத்தையும் டூல் பையையும் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தேன். மாதனூர் வருவதற்குள் வேறு வேலை தேட வேண்டிய ஊர்களைப் பட்டியல் போட்டுவிட்டேன். நெமிலியில் என்னைத் தெரிந்தவர்கள் கம்மி என்பதால் அது முதலில் இருந்தது. பள்ளிகொண்டா நெருங்கும்போதுதான் பட்டியல் நின்றது. டயாலிசிஸுக்கு நேரம் உண்டு. அந்த மிஷினுக்கு அடுத்த ஆள் வாசலிலேயே காத்திருப்பார். பாபியை நடுரோட்டில் இறக்கி விட்டவன் நான்.

பாய் வண்டியிலிருந்து வெகு தூரம் தள்ளி, கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். சொன்ன சொல்லை அப்படியே கேட்கிற கஸ்டமர் அவர் ஒருவர்தான்.

"பாபி எங்க பாய்?"

"தோல் டெம்போல போய்ட்டா. நம்ம சத்தார் வண்டி, ராணிப்பேட்டைக்கு லோடு போவுது. ஆஸ்பத்திரில விட்டுட்டுப் போறேன்னான். மூக்கைப் பொத்திக்கினு ஏறி உக்காந்துட்டா. நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டாளாம், இப்பதான் போன் வந்துச்சு."

அப்போதுதான் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் நிறுத்தினேன்.

ஜீப் வந்தது. சார் இறங்கி, பாயிடம் தன் வழக்கமான கேள்வியை ஆரம்பித்தார். எப்ப? ஏத்தத்துல. ஏத்தத்துல எப்ப? லாரிக்குப் பின்னாடி போய் மிதிச்சப்ப. மிதிக்காதப்ப? ஒண்ணுமில்ல. சார் சாவியை வாங்கி ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் சீராக ஓடியது. என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, பிஸ்டன் உருகின வண்டி இப்படித் தூங்குற குழந்தை மாதிரி ஓடுங்களா?"

ஓடாதுங்க சார் என்றேன். எதையாவது சொல்ல வேண்டுமே.

எஞ்சினை அணைத்து பானெட்டைத் திறந்து வைத்தோம். உள்ளங்கை வைக்கிற பதத்துக்கு ஆற வேண்டும். லாரிகள் ஒவ்வொன்றும் எங்கள் மேல் புழுதியை இறைத்துவிட்டுப் போயின. மூவரும் எஞ்சினைப் பார்த்தபடி நின்றோம், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற மாதிரி. நான் மட்டும் அவ்வப்போது உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சுட்டுக்கொண்டு எடுத்தேன்.

ஒருவழியாக ஆறியது. கழற்றி முட்டை அட்டையில் வரிசையாக நிறுத்தினேன். மூன்றும் நல்ல பிஸ்கட் நிறம். உருகல் இல்லை, கொப்புளம் இல்லை. போனில் சார்ட்டைத் திறந்தேன். குறைந்த நம்பர், அந்தக் கம்பெனி கணக்கில் குளிர்ச்சி. நான் தேர்ந்தெடுத்தது சரிதான். பாபியைத் தோல் டெம்போவில் அனுப்பியதற்குக் காரணம் பிளக் இல்லை, என் தலை.

"அப்ப ஏன் வெட்டுது?" என்றார் பாய்.

வளையத்தை எடுத்துப் புள்ளி ஏழு துண்டை நுழைத்துக் காட்டினேன். கச்சிதமாகப் போயிற்று. "கேப்பும் கரெக்டா இருக்குது பாய்."

பாய் துண்டை வாங்கி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார். வாழ்நாள் முழுவதும் தோலைத் தடவிய விரல்கள்.

"இது எங்க ஷாப் லைனிங்காச்சே. இதுலயா அளக்குற?"

"உங்க ஷாப் தோல் கேஜ்ல பாத்து எழுதினதுதான் பாய். பாயின்ட் செவன்."

"எங்க கேஜுக்குக் கால் இருக்குதுல்ல? அது மேல அமுக்கி நின்னாதான் பாயின்ட் செவன் காட்டும். காலை எடுத்தா தோல் உப்பிக்கும். நீ அமுக்கினியா?"

"அமுக்கல பாய். முனை உடைஞ்சிடும்னு மெதுவா..."

"மெதுவா விட்டா இது ஒரு மில்லிமீட்டருக்கு வந்துடும்பா. இது கூடத் தெரியாம ஆம்பூர்லயா பொறந்த?"

நான் பிறந்தது குடியாத்தம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சார் சட்டைப் பையில் கையை விட்டார். வட்ட டப்பா வெளியே வந்தது. சிவப்பு ரிப்பன் அப்படியே இருந்தது. அலமாரியின் சாவி என்னிடம்தான் இருந்தது. மனிதர் ஸ்க்ரூ டிரைவரால் கதவையே கழற்றியிருக்கிறார். ரிப்பனை அவிழ்த்து, மடித்து, என் கையில் கொடுத்தார். கம்பி கேஜை முதல் பிளக்கில் விட்டார். புள்ளி ஏழு கம்பி உள்ளே போய் ஆடியது. அடுத்த கம்பியும் ஆடியது. அதற்கடுத்த தடித்த கம்பிதான் தொட்டுக்கொண்டு நின்றது.

சார் அந்தக் கம்பியை இன்னொரு முறை விட்டுப் பார்த்தார். வளையத்தை ஆணியில் மாட்டியவர் அவர்தானே. பிறகு அதை என்னிடமிருந்து வாங்கிப் பாயிடம் நீட்டினார். "உங்க பொருள் பாய். நீங்களே வெச்சுக்குங்க." பாய் முகர்ந்து பார்த்து, "நல்ல லைனிங்தான். செருப்புக்கு" என்றார்.

ஊசி முனையைத் தொடாமல் பிளக்கின் வெளிக் கொக்கியை மட்டும் கேஜின் ஓரத்துப் பல்லால் வளைத்து, மூன்றையும் புள்ளி ஏழுக்குக் கொண்டு வந்தேன். ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப அளந்தேன். ரப்பர் குழாய், விரல், டார்க் ரெஞ்ச். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் எப்போதும் போல ஓடியது. அதில் என்ன தெரியும்? முன்னாலும் அப்படித்தான் ஓடியது. ஏத்தம் எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. வேலூரிலிருந்து திரும்பும்போதுதான் பரீட்சை.

பாய் அதையேதான் கேட்டார். "அவளை இதுல கூட்டியாரலாமா? இல்ல சத்தாரையே திரும்பி வரச் சொல்லட்டுமா?"

சார் என்னைப் பார்த்தார். போட்டோ இங்கே இல்லை. வாய் தானாகப் பேசவில்லை. புள்ளி ஏழு கம்பி இந்த முறை ஆடாமல் நின்றதை மூன்று பிளக்கிலும் நினைத்துப் பார்த்தேன்.

"இதுலயே வரலாம் பாய்."

"அப்ப நீங்களே ஓட்டுங்க ஐயா" என்றார் சார். ஜீப்பையும் ஸ்கூட்டரையும் அங்கேயே ஓரம் கட்டிவிட்டு என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

மத்தியானம் பாபி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. சிகிச்சை முடிந்தால் அவருக்கு அப்படித்தான். என்னைப் பார்த்ததும், "டெம்போ மத்த ஏத்தத்துல எல்லாம் சும்மா போச்சு தம்பி. அதுக்கும் நீதான் பிளக் போட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பின் சீட்டில் பாயின் தோளில் சாய்ந்து கண்ணை மூடினார்.

பள்ளிகொண்டா மேம்பாலம் வந்தது. எனக்கென்றே அனுப்பி வைத்த மாதிரி முன்னால் ஒரு வைக்கோல் லாரி, பின்னால் ஹாரனிலிருந்து கையை எடுக்காத பஸ். இன்டிகேட்டரைப் போட்டேன். வலது பக்கம் ஒதுங்கினேன். மிதித்தேன். டர்போ மெல்லியதாக விசிலடித்தது. வைக்கோல் ஜன்னலை உரசுகிற மாதிரி பின்னால் நகர்ந்தது. லாரியின் பின் சக்கரம், நடுச் சக்கரம், டிரைவர் கதவு. ஒரு வெட்டு இல்லை. ஒரு திணறல் இல்லை. பாலத்தின் உச்சி தாண்டி, இறக்கம் தாண்டி, வண்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் ஸ்டீயரிங்கை நெரித்துப் பிடித்தபடி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

பின்னாலிருந்து, கண்ணைத் திறக்காமலே பாபி சொன்னார். "சீலன் தம்பி, வண்டி நல்லா மூச்சு விடுது. நீயும் விடு."

"டேய், விடுறா" என்றார் பாக்கியநாதன் சார், ரோட்டைப் பார்த்தபடியே.

விட்டேன்.